மார்கிரட் கட்டிய லாச்சிகள்

எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழரைத் துரத்திய ஆடிக் கலவரத்தோடு மார்கிரட்டின் கொழும்பு உத்தியோகம் போயிற்று. ஒரு பெரிய வியாபார நிறுவனத்தின் கொம்பியூட்டர் பகுதியில் அவளுக்கு வேலை. குளிரூட்டிய அறை, அலுமாரி அளவு இயந்திரம். அந்த இயந்திரத்துக்கு நேரடியாக விளங்கும் அசெம்ப்ளி மொழியில் அவள் கட்டளைகள் எழுதினாள். இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, இங்கே வை, பூச்சியமானால் அங்கே பாய் என்று ஒவ்வோர் அடியையும் சொல்லிக்கொடுக்கவேண்டிய மொழி அது. கூட வேலை செய்தவர்கள் அதைக் கண்டு ஒதுங்கினார்கள். மார்கிரட்டுக்கு அதுதான் பிடித்தது. இயந்திரம் செய்வதில் ஒன்றும் ஒளிவுமறைவில்லை என்பாள்.

கலவரத்தில் பின்வளவுச் சிங்களக் குடும்பம் அவளைத் தங்கள் சாமான் அறையில் வைத்திருந்தது. பிறகு அகதி முகாம், பிறகு கப்பல். காங்கேசன்துறையில் இறங்கியபோது கையில் ஒரு கடதாசிப் பை மட்டும். தகப்பன் இன்னாசித்தம்பி குருநகரிலிருந்து வந்து துறைமுக வாசலில் காத்து நின்றார். கடலில் கிடந்து கறுத்த மனிதர்.

“சாப்பிட்டனியே?” என்றார்.

“ஓம் அப்பு.”

சாப்பிட்டிருக்கவில்லை. சொல்லவும் அலுப்பாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்போது கொம்பியூட்டருக்கு யார் ஆள் தேடினார்கள்? மார்கிரட் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குக் கணக்குப் படிப்பித்தாள். ஓலைக் கொட்டில், நீள வாங்குகள், நெருக்கியடித்துப் பிள்ளைகள். வருடம் போகப்போக வாங்குகள் வெறுமையாயின. சிலர் வெளிநாடு போனார்கள், சிலர் இயக்கத்துக்குப் போனார்கள், சிலரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எண்பத்தேழு ஐப்பசியில், இந்திய இராணுவம் போட்ட ஊரடங்கு நேரம், தாய் நெஞ்சுநோவால் இறந்தாள். வைத்தியரிடம் கொண்டுபோக வழியில்லை. பங்குச் சாமியார் வரவும் வழியில்லை. தகப்பனும் மகளும் செபம் சொல்லிக்கொண்டு பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள்.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டபோது குருநகர் காலியாயிற்று. இருவரும் உடுவிலில், தெரிந்த ஆசிரியை ஒருவரின் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். மின்சாரம் போனது, போனதுதான். கடலுக்குப் போகத் தடை. இன்னாசித்தம்பி செம்மண் வளவில் கிடந்த ஒரு மரக்குற்றியில் குந்தியிருந்து, தோட்டத்துக்கு நீர் இறைப்பவர்களைப் பார்த்தபடி பொழுது போக்கினார். உப்புக்காற்று இல்லாத இடத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. அதை ஒருநாளும் சொன்னதில்லை. பின்னேரங்களில் சும்மா எழுந்து தெருமுனை வரை நடந்து திரும்பி வருவார்.

சில தேவாலயப் பங்குகளும் சில கோயில் சபைகளும் சேர்ந்து உடுவிலில் ஒரு வாடகை வீட்டில் நிவாரண நிலையம் ஒன்று நடத்தின. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் இராசநாயகம். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். அவர் கொடி காட்டி அனுப்பிய ரெயில் ஓடாமல்போய், தண்டவாளங்களைக் கழற்றிப் பதுங்குகுழிகளுக்கு மேல் அடுக்கிவிட்டார்கள். அது அவருக்கு ஆறாத கோபம். ஆனாலும் காலை எட்டு மணிக்கு வெள்ளை நீளக் காற்சட்டையோடு நிலையத்துக்கு வந்துவிடுவார். பதிவு எழுத ஆள் வேண்டும் என்று கேட்டு மார்கிரட்டை அழைத்துக்கொண்டவர் அவர்தான்.

எழுத்துவேலை குறைவு, தேடுகிற வேலைதான் அதிகம். வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவுகளிலிருந்தும் இடம்பெயர்ந்த சனம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு முகாமிலிருந்தும் ஆட்களின் பெயர் எழுதிய ஒரு கொப்பி வரும். தாயைத் தேடி ஒருவர், அண்ணையைத் தேடி ஒருவர் என்று ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். மார்கிரட் கொப்பிகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். கடைசிக் கொப்பிக்கு வருவதற்குள் வெயில் சாய்ந்துவிடும். அதற்குள் ஏதாவது ஒரு முகாம் இன்னோரிடத்துக்குப் போயிருக்கும்.

நிலையத்தின் மூலையில் துணி போர்த்தபடி ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஒருநாள் இராசநாயகம் அதைக் காட்டினார்.

“பிள்ளை, உந்தப் பெட்டி என்ன வேலை செய்யும்? சண்டைக்கு முந்தி ஆரோ கனடாவிலை இருந்து அனுப்பினது. ஒருத்தரும் தொடேல்லை.”

“கரண்ட் இருந்தால் செய்யும், ஐயா.”

“ஜெனறேற்றர் ஒண்டு கிடக்கு. மண்ணெண்ணெயிலை ஓடும். கன நேரம் விடேலாது.”

மார்கிரட் துணியை விலக்கிப் பார்த்தாள். பச்சை எழுத்துத் திரை. இரண்டு பிளொப்பி போடும் வாய்கள். இயந்திரத்தைத் தொடக்கிவிடும் பிளொப்பி ஒன்றும், எழுதப்படாத சில பிளொப்பிகளும். கட்டளை எழுதுவதற்கென்று தனி மென்பொருள் எதுவும் இல்லை. யாரிடமும் கேட்டுப் பெறவும் வழியில்லை. ஆனால் தொடக்கப் பிளொப்பியில், பிழை பார்ப்பதற்கென்று வைத்த ஒரு சிறு கருவி இருந்தது. அதைக்கொண்டு அசெம்ப்ளிக் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றலாம். எட்டு வருடம் தொடாத மொழி. இந்த இயந்திரத்தின் கட்டளைகள் கொழும்பில் பழகியவை போலவும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவர் ஒரு கட்டளை அட்டவணையின் போட்டோப் பிரதி தந்தார். இரவல் அல்ல, வைத்துக்கொள்ளலாம் என்றார். அதுவே பெரிய உதவி.

அவள் செய்ய நினைத்ததை இராசநாயகத்துக்குச் சொன்னாள். அவருக்குக் கொம்பியூட்டர் தெரியாது. ரிக்கற் அலுமாரி தெரியும்.

“இழுத்துத் திறக்கிற லாச்சி கனக்க உள்ள ஒரு அலுமாரி எண்டு வையுங்கோ, ஐயா. ஒராள் பேர் சொன்னால் முதல் லாச்சியிலை இருந்து ஒவ்வொண்டாத் திறந்து பாக்கிறதோ?”

“உதைத்தானே இப்ப செய்யிறம்.”

“அப்பிடி இல்லாமல், பேரை வைச்சே எந்த லாச்சி எண்டு கணக்குப் பாக்கிறது. எழுத்துக்கு ஒரு எண் குடுத்து, கூட்டி, லாச்சித் தொகையாலை பிரிச்சு, மிச்சத்தை எடுக்கிறது. அந்த மிச்சம்தான் லாச்சி இலக்கம். வைக்கேக்கையும் அதே கணக்கு, தேடேக்கையும் அதே கணக்கு. நேரை போய்த் திறக்கலாம்.”

“ரெண்டு பேருக்கு ஒரே மிச்சம் வந்தால்?”

“வரும். அப்ப அடுத்த லாச்சியிலை வைக்கிறது. அதுவும் நிரம்பியிருந்தால் அதுக்கடுத்தது. தேடேக்கையும் அப்பிடியே ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போறது. வெறும் லாச்சி வந்தால், ஆள் இல்லை எண்டு நிப்பாட்டிறது.”

இராசநாயகம் யோசித்துவிட்டு, “சரி, செய்து பார்,” என்றார். ஜெனறேற்றரைக் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் விடுவதாக ஒத்துக்கொண்டார். ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அது இருமி இருமி ஓடும். முற்றமெல்லாம் புகை.

வேலை காகிதத்தில்தான் நடந்தது. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் பகல் முழுக்க எழுதுவாள், அழிப்பாள், கட்டளைகளுக்கு இலக்கமிடுவாள். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டளைக்கும் அது குந்தும் இடத்தின் எண்ணைத் தானே கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும். நடுவில் ஒன்றை மறந்துவிட்டால் செருக இடமில்லை. கீழே உள்ள எல்லாவற்றையும் திரும்பத் தட்டவேண்டும். அதனால் சும்மா நிற்கும் வெற்றுக் கட்டளைகளை ஆங்காங்கே விட்டுவைத்தாள், பிறகு தேவைப்படும் என்று. ஜெனறேற்றர் ஓடும் நேரத்தில் எழுதியதைத் தட்டுவாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜெனறேற்றர் நின்றுவிட்டால் அன்றைய வேலை போயிற்று. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த ஆளின் கொப்பியைப் புரட்டுவாள். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

முதல் கணக்கு சரிவரவில்லை. எழுத்துகளின் எண்களைச் சும்மா கூட்டிப் பார்த்தாள். எங்களுடைய பெயர்களோ திரும்பத் திரும்ப அதே எழுத்துகளிலேயே புழங்குபவை. நாதன், லிங்கம், ரட்ணம், அம்மா என்று முடிபவை. அலுமாரியின் ஒரு மூலையில் பெயர்கள் குவிந்து கிடக்க, மற்றப் பக்கம் காற்றாடியது. பிறகு ஒவ்வோர் எழுத்தைச் சேர்க்கும்போதும் அதுவரை வந்த தொகையைப் பெருக்கிவிட்டுச் சேர்த்தாள். எழுத்து நிற்கும் இடமும் கணக்கில் வந்தது. பெயர்கள் பரவின.

இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். திரையில் ஆங்கில எழுத்துதான் வரும். தர்மலிங்கம் என்ற பெயரை ஒருவர் T என்று தொடங்குவார், ஒருவர் TH என்று, இன்னொருவர் D என்று. இயந்திரத்துக்கு மூன்றும் மூன்று மனிதர். எனவே கணக்குப் பார்க்கமுன் பெயரை உரித்தெடுக்க ஒரு பகுதி எழுதினாள். H எழுத்தை நீக்கு, D எழுத்தை T ஆக்கு, இரட்டித்த எழுத்தை ஒன்றாக்கு, நடுவிலுள்ள உயிரெழுத்துகளை நீக்கு. மிஞ்சும் எலும்போடு ஊரின் பெயரையும் அதேபோல் உரித்துச் சேர்த்தால், யார் எப்படி எழுதினாலும் ஒரே லாச்சிக்கு வரும்.

தொண்ணூற்றிரண்டில் அது வேலை செய்தது. லாச்சி ஒவ்வொன்றிலும் ஓர் எண் மட்டும். அந்தக் குடும்பத்தின் விவரம் இரண்டாவது பிளொப்பியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். பூச்சியம் என்றால் வெறும் லாச்சி. கொப்பிகளில் இருந்த குடும்பங்களையெல்லாம் ஏற்றி முடிக்க மழைக்காலம் முழுதும் போயிற்று.

முதலில் தேடக் கேட்டவர் பாசையூர்ப் பக்கத்து மீனவர் யாகப்பு. தமக்கை குடும்பத்தைக் கோட்டைச் சண்டையோடு தவறவிட்டவர். மார்கிரட் தமக்கையின் பெயரைத் தட்டிக் கையை எடுக்கமுன் திரையில் பதில் நின்றது.

“வட்டுக்கோட்டையிலை, அண்ணை. பள்ளிக்கூட முகாம்.”

யாகப்பு நம்பவில்லை. “பிள்ளை, இன்னும் பாக்கவே தொடங்கேல்லையே?”

“பாத்தாச்சு.”

அவர் திரையையும் மார்கிரட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். அடுத்த கிழமை ஒரு கடதாசிச் சரையில் கருவாடு கொண்டுவந்து வைத்தார். இன்னாசித்தம்பி அன்று இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டார். மகள் செய்த வேலையில் அவருக்கு விளங்கியது அந்தக் கருவாடுதான்.

செய்தி பரவ, கூட்டம் கூடியது. மார்கிரட் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பெயர் கேட்பாள், தட்டுவாள், பதில் சொல்வாள், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்வாள். எண்ணெய் தீருவதற்குள் எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்கு. அதுதான் அவள் நினைப்பெல்லாம்.

குடும்பங்கள் போகவும் செய்தன. கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், செத்துப்போனவர்கள். அப்படியானவர்களின் பெயரை எடுத்துவிட ஒரு சிறு பகுதி எழுதிச் சேர்த்தாள். லாச்சியைத் தேடிப் பிடி, உள்ளே பூச்சியத்தை வை. இரண்டொரு கட்டளைதான். விட்டுவைத்த வெற்று இடத்தில் அடங்கிவிட்டது. ஏழாலை அருளம்பலம் என்பவர் முகாமில் நெருப்புக்காய்ச்சலில் இறந்தார், தனி ஆள். அவருடைய பெயரை அப்படித்தான் எடுத்தாள்.

தொண்ணூற்று மூன்றில், பங்குனி வெயிலில், குணலட்சுமி என்ற பெண் வந்தாள். கட்டுவன் ஊர். தொண்ணூறில் ஓடிய ஓட்டத்தில் தாயைப் பிரிந்து வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தவள். தாயைத் தேடி, துப்பாக்கிச் சூடு விழும் கடலேரியில் வள்ளமேறி இக்கரைக்கு வந்திருந்தாள்.

“அம்மாடை பேர் சின்னாச்சி. கட்டுவன்.”

மார்கிரட் தட்டினாள். இல்லை என்று திரை சொன்னது.

“இல்லைத் தங்கச்சி. எங்கடை பதிவிலை இல்லை.”

“வடிவாப் பாருங்கோ அக்கா.”

மறுபடி தட்டினாள். மறுபடி அதே பதில். “எல்லா முகாமும் இதுக்குள்ளை இருக்கு. இருந்தால் வந்திருக்கும்,” என்றாள். வெளியே ஜெனறேற்றரின் சத்தம் மாறத் தொடங்கியிருந்தது, எண்ணெய் குறைகிற சத்தம். “அடுத்த ஆள் வாங்கோ.”

இராசநாயகம் அந்தப் பெண்ணை வாசலில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்துவிட்டுப் போனாள்.

வைகாசியில் அளவெட்டி முகாமைப் பார்த்துக்கொள்ளும் முத்துக்குமாரு மாற்றங்கள் சொல்ல வந்தார். தவில்காரர் பரம்பரை, எதைச் சொன்னாலும் விரலால் மேசையில் தட்டிக்கொண்டே சொல்வார். “கட்டுவன் சின்னாச்சி அக்காவைப் பள்ளிக்கூடத்திலை இருந்து கோயில் மடத்துக்கு மாத்தியாச்சு. எழுதுங்கோ.”

மார்கிரட் பெயரைத் தட்டினாள். இல்லை என்று வந்தது.

“அவ பதிவிலேயே இல்லையே, அண்ணை.”

“அதெப்பிடி? போன வருசம் நீங்கள்தானே பதிஞ்சனீங்கள். நான் உதிலைதான் நிண்டனான்.”

மார்கிரட் இரண்டாவது பிளொப்பியில் கிடந்த விவரங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டாள். வெகுநேரத்துக்குப் பின் வந்தது. சின்னாச்சி, கட்டுவன், அளவெட்டி முகாம். ஆள் இருக்கிறாள். லாச்சிக் கணக்குத்தான் அவளைக் காணவில்லை.

ஜெனறேற்றரை நிறுத்திவிட்டு, கடதாசியை எடுத்துச் சின்னாச்சியின் பெயருக்குக் கையாலே கணக்குப் பார்த்தாள். வந்த மிச்சத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது. ஏழாலை அருளம்பலத்துக்கும் அதே லாச்சிதான். அவர் முதலில் வந்ததால் அதில் இருந்தார். பிறகு வந்த சின்னாச்சி அடுத்த லாச்சிக்குத் தள்ளிவைக்கப்பட்டாள். அருளம்பலம் செத்தபோது அவருடைய லாச்சியில் மார்கிரட் பூச்சியத்தை வைத்தாள். அதன்பிறகு சின்னாச்சியைத் தேடினால், இயந்திரம் முதல் லாச்சியைத் திறக்கும், வெறுமையாக இருக்கும், ஆள் இல்லை என்று நின்றுவிடும். அடுத்த லாச்சியில் அவள் இருந்தாள். அங்கே பார்க்கச் சொல்லி யாரும் இயந்திரத்துக்குச் சொல்லவில்லை.

பெயர்களை ஏற்றித் தேடிப் பார்த்திருந்தாள். எடுத்துப் பார்த்திருந்தாள். ஒன்றை எடுத்தபிறகு மற்றதைத் தேடிப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

“பெட்டி பிழை விட்டதோ, பிள்ளை?” என்று இராசநாயகம் கேட்டார்.

“இல்லை, ஐயா. பெட்டி நான் சொன்னதைத்தான் செய்தது.” கடதாசியை மடித்தாள். “மாசி பங்குனிப் பக்கம் ஒரு பிள்ளை வந்து கேட்டது. சின்னாச்சியின்ரை மகள்.”

“ஓம். தண்ணி குடிச்சிட்டுப் போனவள். குணலட்சுமி. வவுனியாவிலை இருக்கிறன் எண்டவள்.”

“நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”

இராசநாயகம் மடித்த கடதாசியைப் பார்த்தார். “வேறை எத்தினை பேருக்கு அப்பிடிச் சொன்னியோ?” என்றார். குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பியவர்களின் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.

அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு அளவெட்டிக்குப் போனாள். சுன்னாகம், மல்லாகம் தாண்டிப் போகும் வழியில் பொம்பர் சத்தம் கேட்டு, தெருவோர வாய்க்காலுக்குள் சைக்கிளோடு இறங்கிக் கிடந்தாள். அது வேறெங்கோ போய்க் குண்டு போட்டது. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு தொடர்ந்து மிதித்தாள்.

கோயில் மடத்தில் சேலைகளால் மறைப்புக் கட்டிக் குடும்பங்கள் இருந்தன. பக்கத்து வளவில் யாரோ நாதஸ்வரத்தில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஊதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். சின்னாச்சி ஒரு மூலையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, எலும்பு தெரியும் பெண்.

மார்கிரட் பக்கத்தில் குந்தினாள். “அம்மா, பங்குனியிலை உங்கடை மகள் குணலட்சுமி எங்கடை நிலையத்துக்கு வந்தவ. உங்களைக் கேட்டவ. நீங்கள் இல்லையெண்டு நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.”

சின்னாச்சியின் கை முருங்கையிலையில் அப்படியே நின்றது.

“ஆர், குணமோ? உயிரோடை இருக்கிறாளோ?”

“ஓம், அம்மா.”

“வந்தவளோ? இஞ்சை வந்தவளோ?” அவள் மார்கிரட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எப்பிடி இருக்கிறாள்? மெலிஞ்சுபோனாளோ?”

மார்கிரட் யோசித்தாள். பச்சை எழுத்துகள் நினைவுக்கு வந்தன. ஜெனறேற்றரின் சத்தம் நினைவுக்கு வந்தது. குரல் நினைவிருந்தது.

“பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்தவளோ? இடுப்பிலை வைச்சிருந்தவளோ? இப்ப அவனுக்கு அஞ்சு வயசு, நடப்பான். ஒரு பெடியன் நிண்டவனோ பக்கத்திலை?”

“எனக்குத் தெரியேல்லை, அம்மா.”

“தலையிலை பூ வைச்சிருந்தவளோ? பொட்டு?” புருசன் இருக்கிறானா என்று நேரே கேட்கப் பயந்து அந்தத் தாய் அப்படிக் கேட்டாள்.

“நான் பாக்கேல்லை, அம்மா. நான் அவவின்ரை முகத்தைப் பாக்கேல்லை.”

சின்னாச்சி கையை விட்டாள். மடியிலிருந்த இலைகளைக் கூட்டி ஒதுக்கினாள். “இனி எங்கையெண்டு தேடுறது,” என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்றில்லாமல்.

திரும்பி வந்தபின் மார்கிரட் கட்டளைத் தாள்களை எடுத்து விரித்தாள். திருத்தம் பெரிதல்ல. ஒருவரை எடுத்த லாச்சியில் பூச்சியத்தை வைக்காமல், யாருக்கும் வராத ஓர் எண்ணை அடையாளமாக வைக்கவேண்டும். தேடும்போது அந்த அடையாளம் வந்தால் நிற்காமல் அடுத்த லாச்சிக்குப் போகவேண்டும். உண்மையில் வெறுமையாக இருக்கும் லாச்சியில் மட்டும் நிற்கவேண்டும். ஆனால் விட்டுவைத்த வெற்று இடங்களெல்லாம் முடிந்துபோயிருந்தன. எங்கோ கடைசியில் புதிய கட்டளைகளை எழுதி, நடுவிலிருந்து அங்கே பாய்ந்து, வேலை முடிந்ததும் திரும்பப் பாயவைத்தாள். தட்டும்போது இரண்டுதரம் எண்ணெய் தீர்ந்தது. மூன்றாம்தரம் முடிந்தது. பிறகு எல்லாக் குடும்பங்களையும் முதலிலிருந்து லாச்சிகளில் அடுக்கினாள். எண்ணெய் தீரும்வரை பிளொப்பி கரகரத்தது.

அடுக்கி முடிந்ததும், முன்னர் இல்லை என்று சொன்னவர்களில் நினைவுக்கு வந்த பெயர்களைத் தட்டிப் பார்த்தாள். பெரும்பாலானவை இப்போதும் இல்லை. சில இருந்தன. கேட்டு வந்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று தெரியாது. அந்தப் பெயர்களைச் சுவர்க் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். ஒருவர் மட்டும் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து நிலையத்தில் கேட்டு வருபவரின் பெயரையும் எழுதிவைத்தார்கள். மார்கிரட் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள், வருபவர் முன்னால் இருக்கும்படி. வரிசை நீண்டது. எண்ணெய் போதவில்லை என்று இராசநாயகம் முணுமுணுத்தார். தடுக்கவில்லை. கிளாலியால் வன்னிக்குப் போகிறோம், பெயரை எடுத்துவிடுங்கள் என்று வந்த ஒவ்வொருவரிடமும் மார்கிரட் அதையே சொன்னாள்:

“வவுனியாப் பக்கம் போனால் குணலட்சுமி எண்டு ஒரு கட்டுவன் பிள்ளை இருக்கும். தாய் அளவெட்டிக் கோயில் மடத்திலை இருக்கிறா எண்டு சொல்லிவிடுங்கோ.”

தலையாட்டிவிட்டுப் போனார்கள். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. சிலவேளை அளவெட்டிக்குப் போய்ச் சின்னாச்சியைப் பார்த்து வருவாள். சொல்ல ஒன்றுமிருக்காது. சின்னாச்சி தேத்தண்ணி தருவாள். இருவரும் குடிப்பார்கள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், தாயும் மகளும் ஒரு பையனுமாக மூன்றுபேர் நிலையத்துக்கு வந்தார்கள். சின்னாச்சியை மார்கிரட்டுக்குத் தெரியும். மற்றவளை அப்போதுதான் பார்த்தாள். கறுப்பு, ஒடிசல், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பொட்டு வைத்திருந்தாள். பையனுக்கு முன்பற்கள் இல்லை.

“அம்மாவை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன். பேரை எடுத்துவிடுங்கோ,” என்றாள் குணலட்சுமி.

“ஆர் சொல்லி வந்தனீங்கள், தங்கச்சி?”

“சந்தையிலை ஒரு மனிசி சொன்னா. அவவுக்கும் வேறை ஆரோ சொன்னதாம்.” சற்று நின்றாள். “அண்டைக்கு நீங்கள் இல்லையெண்டு சொன்னாப் பிறகு, அம்மா செத்துப்போனா எண்டு வவுனியாவிலை அந்தியேட்டி செய்துபோட்டன், அக்கா. கடன்பட்டுச் செய்தனான். உயிரோடை இருக்கிற மனிசிக்கு.”

மார்கிரட் கதிரையிலிருந்து எழுந்துவிட்டாள். “ஓம்,” என்றாள். பிறகு, “என்ரை பிழைதான்,” என்றாள்.

குணலட்சுமி பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னாச்சிதான் இடையில் புகுந்து, “சரி விடு பிள்ளை, வள்ளம் போயிடும்,” என்று மகளின் தோளைத் தட்டினாள். பையன் மட்டும் திரும்பித் திரும்பிக் கொம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டு போனான். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்குவதற்குள் அவர்கள் அக்கரை சேர்ந்துவிட்டார்கள் என்று பின்னர் தெரியவந்தது.

ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கிவர, கொட்டுகிற மழையில், வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. எந்தக் குடும்பம் எந்த முகாம் என்று மார்கிரட் வருடக்கணக்காகச் சேர்த்த விவரங்களில் ஒன்றுகூட அதன்பின் உண்மையாக இல்லை. கொம்பியூட்டரைத் துணி போர்த்து விட்டுவிட்டு வந்தாள். தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சனக்கடலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தாள். முன்னால் போனவர்களின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. யாரோ பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்கள். கொஞ்சத் தூரத்தில் அந்தக் குரல் பின்னால் போய்விட்டது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வளவில் இராசநாயகம் அவர்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தார். வெள்ளைக் காற்சட்டை முழங்கால்வரை சேறு. சுவரில் சோக்கால் பெயரும் ஊரும் எழுதிக்கொண்டிருந்தார். மார்கிரட்டும் ஒரு சோக்கை வாங்கிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். நடுவில் ஒரு பெயரைப் பாதியில் விட்டுவிட்டு, சுவரில் நெற்றியை வைத்தபடி நின்றாள்.

“போய்ப் படு, பிள்ளை,” என்றார் இராசநாயகம். “நான் எழுதுறன்.”

அவள் மறுக்கவில்லை. மழை விட்டிருந்தது. மாமரத்தின் கீழ் இன்னாசித்தம்பி தரப்பாளை விரித்து ஒரு துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். அவர் முகத்தைத் தெற்கே திருப்பி மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“கடலேரிக் காத்து,” என்றார். “கிட்டத்தான் கிடக்கு.”

மார்கிரட்டுக்கு அது கேட்டதோ தெரியாது. படுத்த மாத்திரத்தில் உறங்கிவிட்டாள். சுற்றிவரச் சனம் கத்தியது, அடுப்பு மூட்டியது, சண்டை பிடித்தது. இன்னாசித்தம்பி பக்கத்தில் குந்தியிருந்து, மகளின் முகத்தில் மொய்த்த ஈக்களைத் தோளிலிருந்த சால்வையால் விசுக்கிக்கொண்டிருந்தார்.